பேர் வைத்த பாட்டு

கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கும் உதயாவுக்கு கானா சிகாமணி என்றால் உயிர்.

"யானைக்கவுனியாண்ட அவரு பீடிக்கு நான்தான் நெருப்பு குடுத்தேன். அந்த வத்திப்பெட்டிய இன்னும் வச்சிகினு கீறேன். என்னை அடிச்சிக்க எவனாவது கீறானா?"

சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டே பெரியவர் பீம்ராவ் சொன்னார்: "என் வூட்டு வாசல்லயே பாடிகீறாருப்பா. என் புள்ள மதி பேர வச்சி, அங்கயே பாட்டு கட்டினாரு."

உதயாவுக்குச் சுருக்கென்றது.

"ரீலு வுடாத நைனா! அவரு ஒன் வூட்டுக்கு வந்தாரா? இன்னா விசேசம், புள்ளைக்குக் கல்யாணமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பீம்ராவ் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு கேசட்டை எடுத்து வந்தார்.

"பொய்யா இருந்தா எல்லாருக்கும் டீ ஒன் செலவு" என்று உதயாவே அதை டீக்கடை டேப்பில் போட்டு, சத்தத்தைக் கூட்டினான்.

சிகாமணியேதான்! வரிக்கு வரி மதியின் பெயர்.

உதயா சொக்கிப்போனான். "குடுத்து வச்சவன்யா ஒன் புள்ள! என் பேர வச்சும் ஒரு தபா அவரு இப்டிப் பாடணும் நைனா!"

பீம்ராவ் பதறிப்போய் அவன் வாயைப் பொத்தினார். "வாணாம்டா... அப்டிச் சொல்லாத."

டேப்பில் தாளம் நின்றது. நெஞ்சில் அடித்துக்கொள்ளும் சத்தத்தோடு அதில் ஒரு பெண் குரல் கதறியது.

"எந்திரிடா மதி! பாக்கணும் பாக்கணும்னு ஏங்கினியே... ஒன் சிகாமணி வந்துகீறாருடா. கண்ணத் தொறந்து பாருடா!"