ரவாசிக்கு ஒரு மாத லீவு

அந்த வாரத்துக் கௌபாய் காமிக்ஸ் கதைக்கட்டை ஆசிரியரின் மேசையில் வைத்துவிட்டு, ஓர்னெல்லா சோர்ந்துபோய் உட்கார்ந்தாள்.

“ரவாசிக்கு ஒரு மாசம் லீவு வேணும் சார். பன்னிரண்டு வருஷமா வாரம் தவறாம எழுதியாச்சு.”

“லீவா? மிலான்ல அந்த மாதிரி துப்பாக்கிச் சண்டை எழுத வேற ஆம்பளை ஏது?” ஆசிரியர் கல்பியாத்தி காப்பியை உறிஞ்சினார். “நீ தொணதொணக்காம, வேளாவேளைக்குப் பாஸ்தா வச்சுக் குடும்மா. உன் புருஷன் தானா எழுதுவாரு.”

முதல்நாள் அவள் கொண்டுவந்த கதையில் ‘ரவாசி’ என்ற பெயரைப் பார்த்ததுமே அவர் அப்படி நினைத்துக்கொண்டார். வேலை போய்விடுமே என்று அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. இன்று பயப்படக்கூடத் தெம்பில்லை. கதைக்கட்டை எடுத்துப் பைக்குள் திணித்தாள்.

“எனக்குக் கல்யாணமே ஆகல சார். ரவாசி நான்தான். இந்த வாரம் நீங்களே எழுதிக்குங்க.”