மாஸ்கோவுக்குப் பறந்த ஈ

சென்னையில் விமானத்துக்குள் புகுந்த ஈ ஒன்று மாஸ்கோவில் வெளியே வந்தது. பசியோடு நின்ற வாலாட்டிக் குருவி அதைக் கொத்த அலகைத் திறந்தது.

"பொறு! நான் சென்னையிலேர்ந்து வர்றேன்" என்றது ஈ.

"நானும்தான். பறந்து வந்து சேர ரெண்டு மாசம் ஆச்சு."

"ஆறாயிரம் கிலோமீட்டருக்கு ரெண்டு மாசமா? எனக்கு ஒன்பதே மணி நேரம்!"

குருவி திகைத்தது. "நடுவுல எங்கே இறங்கினே?"

"ஒருத்தர் வழுக்கைத் தலையில. அவரோட தயிர்சாதத்தைச் சாப்பிட்டுட்டு அங்கேயே தூங்கினேன்."

"மலைக்காத்து? என்னை நாலு நாள் நகரவே விடலையே!"

"எனக்கும் தலைக்கு மேல ஒரு ஓட்டையிலேர்ந்து ஜில்லுன்னு அடிச்சது. வழுக்கைக்காரர் கையை நீட்டி ஒரு திருகு திருகினார். காத்து அடங்கிடுச்சு!"

குருவி அலகை மூடிக்கொண்டது.

"அண்ணே, திரும்பிப் போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க" என்றது.