ஹியூபர்ட்டின் கோட்டை

ஊர்க்கோடியில் இருந்த மண்மேட்டைச் சமப்படுத்திக் கார் நிறுத்த இடம் செய்வதாக ஊர் மன்றம் முடிவெடுத்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஹியூபர்ட் பிளெங்கின் மட்டும் ஒப்பவில்லை. அது ஒரு பழைய கோட்டையின் மேடு என்பது அவர் கட்சி. மனுப் போட்டு வேலையை நிறுத்திவைத்துவிட்டு, ஆதாரம் தேடிப் பதினோரு வருடம் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு நடந்தார். கடைசியில் 1391ஆம் வருடத்துப் பதிவேடு ஒன்று, ஊர் நிலப்பிரபு நடத்திய பண்ணை நீதிமன்றத்துடையது, சிக்கியது.

அதில் இருந்த லத்தீனைக் காப்பாளர் ஐரிஸ் படித்துச் சொன்னாள்.

"அந்த மேட்டப் பத்தித்தான் சார். ஆனா கோட்டை இல்ல. பொதுவழியில சாணத்தக் கொட்டிக் குவிச்ச ஆளைக் கூப்பிட்டுக் கண்டிச்சிருக்காங்க."

"யாரு அந்த ஆளு?"

"வால்டர் பிளெங்கின். உங்க வகையறாவா சார்?"

ஹியூபர்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலையில் மன்றத் தலைவி வினிஃப்ரெட்டின் முன்னால் போய் நின்றார்.

"மேட்ட இடிச்சிருங்க மேடம். இன்னைக்கே இடிச்சாலும் சரி."

"இனிமே தொட முடியாதே. ஐரிஸ் நேத்தே தொல்லியல் துறைக்குச் சொல்லிட்டா. கோட்டைங்க நாடு முழுக்கக் கிடக்காம். அறுநூறு வருஷத்துச் சாணக்குவியல் இது ஒண்ணுதானாம். பலகை வைக்கப் போறாங்க."

"பலகையில என்ன போடுவாங்க?"

"உங்க குடும்பப் பேரைத்தான்."