மொதல்ல மலை, அப்புறம் எழவு

“ஏனுங்க, இப்படிப் பல்லைக் காட்டிட்டு ரயிலேறுனா, நாம எழவுக்குப் போறவங்கன்னு யாராச்சும் நம்புவாங்களா?”

லோகப்பிரியா கேட்டதும் கிருபாசங்கர் முகத்தைத் தொங்கப் போட்டுப் பார்த்தான். அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

காலை ஏழு மணி. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் ஊட்டி ரயில் புகை விட்டுக்கொண்டு நின்றது. முதுகில் ஒரு பை. பைக்குள் ரெண்டு ஸ்வெட்டர், ஒரு பொட்டலம் புளிசோறு. கிணத்துக்கடவிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார்கள்.

கல்யாணமாகி ரெண்டு வருஷம். பனிமூட்டத்துக்குள் ஒரே ஒரு நாள் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் லோகப்பிரியாவின் ஆசை. மாமனார் காளிச்சாமியிடம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

“போலாம் கண்ணு. எட்டு மாட்டுக்குப் பாலு யாரு கறக்கறது?”

கூலியாளை மாட்டு மடியில் கை வைக்க விட மாட்டார் மனுஷன். சொந்தபந்தம்தான் கறக்க வேண்டும். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நேற்றுச் சாயங்காலம் அவரே வந்து சொன்னார். “காரமடை ரங்கம்மாள் தவறிட்டாளாமா. பால் சொசைட்டிக்கு போன் வந்துச்சு. எனக்கு முட்டி வலி, வண்டி ஏற முடியாது. நீங்க ரெண்டு பேரும் வெடியால கெளம்புங்க. பம்பாய்ல இருந்து பையன் வரணுமாமா, நாளைக்கு எடுக்க மாட்டாங்க, அதுக்கு மக்யா நாள்தான் எடுப்பாங்க. கூடவே இருந்து எடுத்துட்டு வாங்க. மாட்டை நானும் உங்கம்மாளும் பாத்துக்கறோம்.”

ரங்கம்மாள் அவருக்குப் பெரியப்பா மகள். லோகப்பிரியா அவரைக் கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்ததோடு சரி.

எழவு வீட்டுக்குப் போனால் வேறெங்கும் நுழையக் கூடாது. நேராக வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்ற வேண்டும். ஆக, காரமடையில் இறங்கினால் மலை போச்சு. பஸ் அங்கே நின்றபோது ரெண்டு பேரும் தலையைக் குனிந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

“மொதல்ல மலை, அப்புறம் எழவு. பொழுது சாயறதுக்குள்ள காரமடை போயிரலாம்” என்றான் கிருபாசங்கர்.

“மாமாவுக்குத் தெரிஞ்சா?”

“ஊட்டுக்குள்ள சேத்த மாட்டாரு. எழவுக்குப் போகாம ஊர் சுத்துன பயன்னு சாதிசனம் பூரா சொல்லி மானத்த வாங்கிப்போடுவாரு. தெரிஞ்சாத்தானே அம்மணி?”

ரயில் ஊதியது. பின்னாலிருந்து இன்ஜின் தள்ள, கல்லாறு தாண்டி மலையில் ஏறியது. ஒவ்வொரு குகையிலும் குழந்தைகள் ‘ஓ’வென்று கத்தின. எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது லோகப்பிரியாதான். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து முகத்தை நனைத்ததும் அவளுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“ஐயோ, எத்தனை நல்லா இருக்குதுங்க! இதுக்கா ரெண்டு வருஷம்!”

குன்னூரில் கிருபாசங்கரின் காலேஜ் சிநேகிதன் அனீஸ் தன் யெஸ்டி பைக்கோடு காத்திருந்தான். “கோத்தகிரி வழியா எறங்குடா. வண்டிய மேட்டுப்பாளையத்துல எங்கண்ணன் கடைல உட்டுரு” என்று சாவியைக் கொடுத்தான்.

பனிமூட்டத்துக்குள் லைட்டைப் போட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே போனார்கள்.

“இன்னும் வேகமாப் போங்க!”

“முன்னால ரோடு இருக்குதான்னே தெரியல அம்மணி!”

“அதெல்லாம் இருக்கும், போங்க!”

கோத்தகிரி தாண்டி ஒரு வளைவில் டீக்கடை. பக்கத்து பெஞ்சில் இருப்பவர் முகம்கூடத் தெரியாத பனி. சூடாக மிளகாய் பஜ்ஜியைக் கடித்தபோது, அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“இன்னொரு தட்டு சொல்லுங்க. முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் கூட்டியாந்திருக்கறீங்க. இந்த வயசுல ஊட்டிக்குப் போறோம்னு தெரிஞ்சா மருமக சிரிப்பாளாமா! அதுக்கு எத்தனை நாடகம்!”

லோகப்பிரியா கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே போட்டாள். அது மாமியார் வள்ளியாத்தாளின் குரல்.

ஒரு காற்று அடித்தது. பனி விலகியது. மங்கிக் குல்லாவும் கையில் பாதிப் பஜ்ஜியுமாக எதிரே காளிச்சாமி! அவருக்குப் பின்னால், பால்கேன் கொக்கியோடு அவருடைய ராஜ்தூத் பைக்.

அவர்தான் முந்திக்கொண்டார். “டேய்! எழவு ஊட்டுக்கு அனுப்புனா இங்க வந்து டீ குடிக்கறயா?”

லோகப்பிரியா சட்டென்று எழுந்து நின்றாள். “தப்புத்தானுங்க மாமா. இப்பவே போயிர்றோம். அந்தம்மா கால்ல உழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறேனுங்க.”

வள்ளியாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கிருபாசங்கருக்கு அப்போதுதான் உறைத்தது. “அப்பா, நாங்க வந்தது தப்புத்தானுங்க. ஆனா நாலு பேரும் இங்க இருந்தா, சாயங்காலம் எட்டு மாட்டுக்குப் பாலு யாருங்க கறக்கறது?”

காளிச்சாமி குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“அது வந்து… நீங்க கெளம்புன கொஞ்ச நேரத்துல, காரமடை ரங்கம்மாள் பஸ்ஸ உட்டு எறங்கிட்டாளப்பா.”