தீவிலிருந்து வந்த சாக்கு

1926ஆம் ஆண்டின் மார்கழிப் பனி பர்மாவின் போட்டாதாங் படகுத்துறையை விட்டு இன்னும் விலகவில்லை. கலங்கரை விளக்கத் தீவிலிருந்து வந்த நீராவிப் படகு, கூலி அய்யாக்கண்ணுவின் பிணத்தைச் சாக்கில் சுற்றி ஈரப் பலகைமேல் போட்டுவிட்டுப் புகை கக்கிக்கொண்டு நிற்கிறது. அவனைத் தீவுக்கு வேலைக்குக் கூட்டிப்போன மேஸ்திரி வீரபத்திரன் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறான். "பாறையில வழுக்கிக் கடல்ல விழுந்துட்டான். கரை ஒதுங்கின பொணத்துக்கிட்ட நான் போகவே இல்லை. பர்மாக்காரங்கதான் சாக்குல சுத்தினாங்க." போலீஸ் சார்ஜெண்ட் கொட்டாவி விட்டபடி தலையாட்டுகிறார். கூலி ஒருவன் செத்தால் அவருக்கு அவ்வளவுதான். அய்யாக்கண்ணுவின் மனைவி பவுனம்மாள் அழவில்லை. போன மாதம் இதே துறையில், அத்தனை பேர் பார்க்க, மேஸ்திரியின் பிரம்பைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தவன் அவள் புருஷன். குந்தி உட்கார்ந்து சாக்கை விலக்குகிறாள். பின்மண்டை பிளந்து கிடக்கிறது. இறுகிய உதடுகளுக்கிடையே வெள்ளையாக என்னவோ தெரிகிறது. விரலை விட்டு எடுக்கிறாள். பச்சரிசி. எங்கோ ஒரு கப்பல் சங்கு ஊதி ஓய்கிறது. அவள் எழுந்துவிட்டாள். "பர்மாக்காரன் வாய்க்கரிசி போடுவானாடா? அந்தத் தீவுல உன்னை விட்டா வேற தமிழாளு யாருடா? அடிச்சுக் கொன்னுட்டு, பேயா வந்து பிடிப்பாருன்னு பயந்து போட்டியா?" சார்ஜெண்டின் தலை ஆடாமல் நிற்கிறது. மேஸ்திரி பின்னால் நகர்கிறான். பின்னால் ஆறுதான் இருக்கிறது. அரிசி ஒட்டிய கையை அவன் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு அவள் நடக்கிறாள்.