மூலை சீட்டு

"போட்ல இன்னும் ஒரு தண்ணிப் பை போடணும்ண்ணா. இடது பக்கம், கடைசி மூலை சீட்டுக்கு அடியில. மேல இருந்து பார்த்தா தெரியவே கூடாது."

மெக்கானிக் கையைத் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான். இந்த வருஷம் மட்டும் இது மூன்றாவது பை.

போட்டின் பின்பக்கம் எவ்வளவு அழுந்துகிறதோ, அவ்வளவுக்குப் பின்னால் அலை எழும்பும். போட்டில் கட்டிய கயிற்றைப் பிடித்து எழுந்து, பிறகு அதை விட்டுவிட்டு அந்த அலைமேல் பலகையில் நிற்பதென்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். ஏரியில் இறங்கி பம்ப் மோட்டாரைப் போட்டால் போதும், பைகளில் தண்ணீர் நிரம்பி போட் கனத்துவிடும்.

"ஏம்மா, ஆசைக்கும் ஒரு அளவு வேணாமா? ஏற்கெனவே ரெண்டு பை இருக்கு. இதுக்கு மேல ஏத்தினா பின்னாடி தண்ணி உள்ள வந்துடும்."

"வராதுண்ணா."

"அப்படி எவ்வளவு பெரிய அலைதான் வேணும் உனக்கு?"

"பெருசால்லாம் வேணாம். போன வருஷம் வந்த மாதிரி வந்தா போதும்."

"சரி, அப்ப நடுவுல போடறேன். போட் ஒரு பக்கமா சாயாது."

"வேணாம். அந்த மூலையிலதான் போடணும்!" சட்டென்று உயர்ந்த குரலை அவளே இறக்கிக்கொண்டாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கண்ணா, ப்ளீஸ்."

ஓகோ, சங்கதி இதுதானா என்று நினைத்துக்கொண்டான் மெக்கானிக். போட் அப்பாவுடையது. தெரிந்தால் மனுஷன் விட மாட்டார். அவர் தலையில் மிளகாய் அரைக்கிறாள் பெண்.

பையை மாட்டிக் கொடுத்தான். ஆனால் மனசு கேட்கவில்லை. "நானே கூட வந்து ஓட்டிப் பார்க்காம போட்டை விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் வந்து மூன்று பைகளையும் நிரப்பிவிட்டு, அப்புறம்தான் போய் அப்பாவைக் காரில் கூட்டிவந்தாள். மெக்கானிக் அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மகளின் தோளைப் பிடித்து நிதானமாக ஏறினார். லைஃப் ஜாக்கெட் வார்களைக் கடைசிவரை இழுத்துக் கட்டியும் மிச்சம் தொடைவரை தொங்கியது.

நேராக அந்த மூலை சீட்டில் போய் உட்கார்ந்தார்.

"இது என் இடம் தம்பி. வீட்டுல என் பேரே மூட்டைதான். நான் இங்க உக்காந்தாதான் இவளுக்கு அலை. எந்திரிச்சு அந்தப் பக்கம் போனேன்னு வைங்க, பொத்துனு தண்ணிக்குள்ள விழுந்துடுவா!"

"ஆமாண்ணா. மூட்டை இல்லாம எனக்கு ஒண்ணும் நடக்காது." மகள் சிரித்துக்கொண்டே பலகையோடு தண்ணீரில் இறங்கினாள்.

குச்சி மாதிரி இருக்கிறவரை மூட்டை என்று கூப்பிடுவது குடும்பக் கிண்டல் போலிருக்கிறது என்று எண்ணியபடி மெக்கானிக் போட்டைக் கிளப்பினான்.

இடது பக்கம் அலை எழுந்தது. உடையாமல், வழவழவென்று, போட்டைத் துரத்திக்கொண்டே வந்தது. மகள் எழுந்து நின்று கயிற்றை உள்ளே வீசினாள்.

"பாத்தீங்களா தம்பி! நான் உக்காந்தா சும்மாவா?" அவர் குழந்தை மாதிரி இரண்டு கைகளையும் தூக்கினார். "கண்ணு, மூட்டையோட பவரைப் பாரு!"

அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாரல் அடித்திருக்கும்.

மெக்கானிக் அவரைத் திரும்பிப் பார்த்தான். இப்படி வெள்ளந்தியாகச் சந்தோஷப்படுகிற மனுஷனைப் போய் ஏமாற்றுகிறாளே.

கொஞ்ச நேரத்தில் அவள் சறுக்கி விழுந்தாள். போட் தள்ளி வந்துவிட்டது. தூரத்தில் அவள் தலை மட்டும் தெரிந்தது. மெக்கானிக் வேகத்தைக் குறைத்துப் போட்டைத் திருப்பினான். சொல்வதென்றால் இப்போதுதான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சீட்டுக்கு அடியில மூணு தண்ணிப் பை இருக்கு. அந்த அலை உங்களால வரல, அதுங்களாலதான் வருது. உங்களுக்குத் தெரியாம உங்க பொண்ணு போடச் சொல்லிச்சு. ஆசை இருக்கலாம், அதுக்காகப் பெத்த அப்பாவையே ஏமாத்தறதா?"

மகளைப் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்த கையை அவர் இறக்கவில்லை. சிரிப்பும் முகத்தில் அப்படியே இருந்தது. குரல் மட்டும் இறங்கிவிட்டது.

"ஆஸ்பத்திரியில வாராவாரம் எடை பார்க்கிறாங்க தம்பி. அந்த மெஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

மெக்கானிக் இன்ஜினை அணைத்தான். போட் தானாக மிதந்து மகளை நெருங்கியது.

"எப்படிப்பா இருந்துச்சு அலை?" தண்ணீரிலிருந்தே கத்தினாள்.

"போன வருஷத்தைவிட ஒரு படி மேல, கண்ணு!" என்று அவரும் கத்தினார். அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு நீந்தி வந்து சேர்வதற்குள், மெக்கானிக் பக்கம் குனிந்தார்.

"நான் இளைக்க இளைக்க, அவ தண்ணிய ஊத்தி ஈடு கட்டிட்டு வர்றா தம்பி."