மாமனார் பிடித்த பூச்சிகள்

“பாரு, உன் மருந்து செய்யாதத என் விரல் செஞ்சிருக்கு” என்று மாமனார் டப்பாவை நீட்டினார்.

மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர். அதன் மேல் கறுப்பாக ஒரு படலம். ஒவ்வொன்றும் அரிசி நீளம். முதுகில் ஆரஞ்சுப் பொட்டு. முதலையைச் சுருக்கி ஆறு கால் ஒட்ட வைத்ததுபோல ஓர் உருவம்.

அத்தனையும் பொறிவண்டின் குஞ்சுகள்.

முதுகில் மருந்து டேங்கோடு நின்ற மருமகள் அவற்றை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

பீன்ஸ் பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. தண்டெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி, கடுகைக் கொட்டியதுபோல. அசுவினியைத் தின்பதற்கென்றே பிறந்தவை இந்தக் குஞ்சுகள். தாய் வண்டுகள் வந்து தங்கட்டும் என்றுதான் வரப்போரக் களையைக்கூடப் பிடுங்காமல் பூக்க விட்டிருந்தாள். வண்டு இறங்காத செடிச் சால்களுக்கு மட்டும், வெயில் தாழ்ந்த பிறகு, அசுவினியைக் கொல்லும் பூஞ்சணப் பொடியைக் கரைத்து அடிப்பாள்.

இந்த மகசூலும் போனால் குத்தகை நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான். நிலத்துக்காரர் வாசலில் நின்றபடியே அதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். உள்ளே வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மாமனாருக்கு இந்த வண்டு விவகாரம் எல்லாமே தமாஷ். வாழ்நாள் முழுக்கச் சந்தையில் மூட்டை தூக்கியவர். மூட்டைக்குள் இருப்பது எப்படி விளைகிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“எல்லாரும் பூச்சியக் கொல்லுவாங்க. எம் மருமக கூப்பிட்டு விருந்து வைக்கிறா” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லுவார். வயல் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார்.

மதியம் சாப்பிட்ட கையோடு ஆள் காணாமல் போனது இதற்குத்தான். சால் சாலாகக் குந்தி நகர்ந்து, இலையைத் திருப்பித் திருப்பி, கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் பிடித்திருக்கிறார். அசுவினி அவர் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை. அதில் ஒன்றுகூடச் சாகவில்லை.

“யாரக் கேட்டு மாமா இங்க வந்து…” என்று ஆரம்பித்துவிட்டாள்.

அவர் காதில் வாங்கவில்லை. டப்பாவைக் குலுக்கி, அடியில் கிடந்ததையும் மேலே வரவைத்துக் காட்டினார். நகக்கண்ணெல்லாம் பச்சை.

“இவ்வளவு பொறுக்கிட்டேன். போதலேன்னா நாளைக்கும் வர்றேன். நீ அந்த டேங்கத் தூக்காத.”

“இது விஷமில்ல மாமா. எத்தன தரம் சொல்றது? ரொட்டியில பூக்குதே பூஞ்சணம், அதுக்குப் பங்காளி.”

சிரிப்பார் என்று பார்த்தாள்.

“அவனும் ‘ஒண்ணும் ஆகாதுப்பா’ன்னுதான் சொன்னான்.”

எவன் என்று அவள் கேட்கவில்லை. போன வருஷம் இதே சாலில் அவள் புருஷன் அடித்தது கடை மருந்து. உச்சி வெயில், எதிர்காற்று. இவர்கள் இருவருமாகத்தான் உடலை வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

டப்பாவில் செத்துக் கிடப்பது யார் என்று இன்றைக்குச் சொல்லப் போவதில்லை. நாளைக்குக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மிச்சமிருக்கிற குஞ்சுகளையும் இந்த மனுஷன் விடமாட்டார்.

டேங்கை முதுகிலிருந்து இறக்கினாள். பொடி கரைத்த வாளியில் மிச்சம் கொஞ்சம் கிடந்தது. முழங்கை வரை கையை அதில் முக்கி எடுத்தாள்.

“பாருங்க மாமா. ஒண்ணும்…”

அவர் அந்தச் சொல்லை முடிக்க விடவில்லை. மூட்டை பிடித்த விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்தன. குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனார். தண்ணீரைத் திறந்துவிட்டு, சோப்பைப் போட்டுத் தேய்த்தார். அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தார்.

“எரியுதா?”

“இல்ல மாமா.”

“தல சுத்துதா?”

“இல்ல மாமா.”

“பொய் சொல்லாத.”

“சத்தியமா இல்ல.”

அவர் மறுபடியும் சோப்பை எடுத்தார்.

வாளியில் முக்காத கையையும் அவள் நீட்டினாள்.